பேச்சு எட்டும் தூரம்: கள ஆய்வாளருக்கு எந்தச் சிறு கேமரா?

கள ஆய்வுக்குப் புறப்படும் ஆய்வு மாணவர்கள் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தனர். பையில் அடங்கும், லென்ஸைக் கழற்ற முடியாத சிறு கேமராக்களில் எதை வாங்குவது? ஒவ்வொருவருக்கும் தனியே எழுதத் தொடங்கினால் சென்சார், எடை, விலை என்று தொடங்கும் பதில் முடிவில் வேறு ஓரிடத்துக்குப் போய்விடுகிறது. அந்த வேறிடம்தான் முதன்மையானது என்று தோன்றுவதால் பொதுவில் எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

என் ஆய்வுக்களம் ஐதராபாத்தின் பழைய நகரம். கடைப் பெயர்ப்பலகைகளில் உருது, தெலுங்கு, ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிகள் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பதே பொருள். லாண்ட்ரி, பூரி ஆகிய இருவரும் 1997இல் எழுதிய கட்டுரைக்குப் பின் ‘மொழி நிலக்காட்சி’ என்ற பெயரில் வளர்ந்துள்ள துறை இது. இத்துறையில் குறிப்பேட்டை விடக் கேமராவே முதற்கருவி. மூன்று வகைக் கேமராக்களை மாறிமாறிப் பயன்படுத்தும் வாய்ப்பு எனக்கு அமைந்தது: ரிக்கோ ஜிஆர் 3, ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100-6, சோனி ஆர்எக்ஸ்100-7. ஒன்றே என்னுடையது, மற்றவை இரவல்.

முதலில் அளவும் எடையும். ஜிஆர் 3, மின்கலத்துடன் 257 கிராம். சட்டைப்பையில் உண்மையாகவே அடங்கும். ஆர்எக்ஸ்100-7, 302 கிராம். சற்றுத் தடிமன் கூடுதல் என்றாலும் அதுவும் அடங்கும். எக்ஸ்100-6, 521 கிராம். அதைப் பையில் அடங்கும் கேமரா என்று சொல்பவர்கள் எந்தப் பையைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தோளில் தொங்கும் ஜோல்னாப் பை என்றால் சரி.

அடுத்து சென்சார். ஆர்எக்ஸ்100-7இன் சென்சார் 13.2 × 8.8 மி.மீ. மற்ற இரண்டிலும் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு, அதாவது 23.5 × 15.6 மி.மீ. பரப்பில் மூன்று மடங்கு. பகல் வெளிச்சத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மாலைத் தொழுகைக்குப் பின் குழல்விளக்கின் ஒளியில் ஒரு பலகையை எடுக்கும்போது தெரியும். நஸ்தலீக் எழுத்தில் பே, தே, ஸே ஆகியவற்றுக்குச் சொல்லின் நடுவில் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளியா, மேலே இரண்டா, மூன்றா என்பதே வேறுபாடு. படத்தில் இரைச்சல் ஏறினாலோ, அந்த இரைச்சலை நீக்கும் மென்பொருள் அளவு மீறினாலோ முதலில் மழுங்குவது புள்ளிதான். ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதும் வழக்கத்தால் நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ‘கைபேசி போதாதா?’ என்ற கேள்விக்கும் என் விடை இதுவே. பகலில் பெரும்பாலும் போதும்; இரவில் புள்ளிகளை நம்ப முடியாது.

லென்ஸின் துளையைப் பொறுத்தவரை எக்ஸ்100-6 எஃப் 2 வரை திறக்கும். ஜிஆர் 3 எஃப் 2.8 வரை. ஒரு ஸ்டாப் வேறுபாடு, அதாவது முன்னதில் இரு மடங்கு ஒளி. இரண்டிலும் சென்சாரே அசைந்து கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு உண்டு. எக்ஸ்100-6இல் கண்வைத்துப் பார்க்கும் காட்சித்துளை உண்டு; ஜிஆரில் இல்லை, திரை மட்டுமே. உச்சிவெயிலில் அது தொல்லை. ஜிஆருக்கு மழை, தூசிக் காப்பு இல்லை. எக்ஸ்100-6இல் வளையமும் வடிகட்டியும் பூட்டினால் ஓரளவு உண்டு. ஜிஆரின் மின்கலம் சிறியது; இரண்டு உபரி மின்கலங்கள் இல்லாமல் ஒரு நாள் களப்பணி நடக்காது.

இதுவரை சொன்னவை எந்த ஒப்பீட்டிலும் கிடைக்கும். கள ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி இவற்றுக்கு அப்பால் இருக்கிறது: இந்தக் கேமரா என்னை எங்கே நிற்க வைக்கும்?

கணக்கு எளியது. முழுச்சட்ட அளவுக்கு இணையாகச் சொன்னால் ஜிஆர் 3இன் குவியத் தொலைவு 28 மி.மீ.; எக்ஸ்100-6, 35 மி.மீ.; ஜிஆரின் உடன்பிறப்பான ஜிஆர் 3எக்ஸ், 40 மி.மீ.; ஆர்எக்ஸ்100-7 மட்டும் ஜூம், 24 முதல் 200 மி.மீ. வரை. மூன்று மீட்டர் அகலமுள்ள பலகை முழுதும் படத்தின் அகலத்தில் சரியாக அடங்க வேண்டுமெனில் 28 மி.மீ.க்கு ஏறத்தாழ 2.3 மீட்டரில் நிற்க வேண்டும். 35க்கு 2.9 மீட்டர். 40க்கு 3.3 மீட்டர். 200க்கு ஏறத்தாழ 17 மீட்டர்.

எட்வர்டு டி. ஹால் 1966இல் வெளியான தம் நூலில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொள்ளும் இடைவெளிகளை வகைப்படுத்தினார். அவர் கவனித்தது அமெரிக்கர்களை. பண்பாட்டுக்குப் பண்பாடு இது மாறும் என்பதையும் அவரே வலியுறுத்தினார். எனினும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். அவர் கணக்கில் ஏறத்தாழ 1.2 மீட்டர் முதல் 3.6 மீட்டர் வரை சமூக இடைவெளி: கடைக்காரரும் வாடிக்கையாளரும், அலுவலகத்தில் இருவரும் பேசிக்கொள்ளும் தூரம். அதற்கு அப்பால் பொது இடைவெளி: மேடைக்கும் அவைக்கும் இடையிலுள்ளது. மேற்கண்ட எண்களை இதன்மேல் பொருத்திப் பாருங்கள். 28, 35, 40 மூன்றும் பேச்சு எட்டும் எல்லைக்குள் விழுகின்றன. 200 அதற்கு வெகு தொலைவில். இரண்டரை மீட்டரில் பேசினால் கேட்கும். பதினேழு மீட்டரில், அதுவும் ஆட்டோக்கள் ஓயாத தெருவில், கூப்பிட்டாலும் கேட்பது அரிது.

இதனால் தரவு எப்படி மாறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மதீனா சந்திப்பை அடுத்த சத்தா பஜார், உருது எழுத்துக்கலைஞர்களுக்கும் திருமண அழைப்பிதழ் அச்சகங்களுக்கும் பெயர்பெற்ற இடம். அங்கே ஒரு கடையின் பலகையில் உருது பெரிதாக மேலே. தெலுங்கு சிறிதாகக் கீழே. எதிர்ச்சாரியிலிருந்து ஜூம் செய்து எடுத்த படத்தை அட்டவணையில் சேர்த்தால் ‘இருமொழி, உருது முதன்மை’ என்று ஒரு வரி பதிவாகும். அதில் பிழை ஏதுமில்லை.

அதே பலகையை 28 மி.மீ. லென்ஸால் எடுக்கக் கடைப்படியருகே போக வேண்டியிருந்தது. உள்ளே அமர்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “சாச்சா, பலகையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னவர், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பிறகு அவர் தக்கனி உருதுவில் சொன்னதன் சாரம் இது: “தெலுங்கு வரி பிறகு வந்தது, வேறு கை எழுதியது. மேலே இருப்பது என் உஸ்தாத் எழுதியது. இங்கே அழைப்பிதழ் அடிக்க வருகிற பிள்ளைகளில் பலருக்கு உருது படிக்க வராது, ஆங்கிலத்தில்தான் கேட்கிறார்கள். பலகையை மாற்றச் சொல்லி மகன் சொல்கிறான். உஸ்தாத்தின் கையெழுத்து இதைத் தவிர என்னிடம் வேறு இல்லை, மகளே.”

பொதுப் பலகைகளில் மொழி இருவகைப் பணி செய்கிறது, ஒன்று செய்தி தருவது, மற்றொன்று குறியீடாக நிற்பது என்பது லாண்ட்ரி-பூரி கட்டுரையின் அடிப்படைப் பாகுபாடு. அந்த உருது வரி வாடிக்கையாளருக்குச் செய்தி தருவதற்காக அங்கே இல்லை. ஓர் இனக்குழுவின் அடையாளமாகக்கூட முதன்மையாக இல்லை. ஒரு மாணவன் தன் ஆசிரியருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கிறது. இதை எந்த லென்ஸும் பதிவு செய்யாது. ஆனால் இதைச் சொல்லக்கூடியவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற லென்ஸ் உண்டு, நிறுத்தாத லென்ஸும் உண்டு.

மொழியியல் மாணவர்களுக்கு இதை நம் இலக்கணச் சொல்லால் விளக்கலாம். தொல்காப்பியர் சுட்டெழுத்தாக அ, இ, உ என மூன்றைச் சொல்கிறார். இ அண்மை, அ சேய்மை, உ இரண்டுக்கும் நடுவிலுள்ளது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்தது. ஈழத்துப் பேச்சில் ‘உவன்’, ‘உது’ இன்றும் வாழ்கின்றன, பெரும்பாலும் கேட்பவர் பக்கத்திலுள்ளதைக் குறிக்க. என் பக்கத்தில் இருப்பது ‘இது’. உங்கள் பக்கத்தில் இருப்பது ‘உது’. இருவருக்கும் எட்டாதது ‘அது’. 200 மி.மீ.யில் எடுத்த படங்கள் எல்லாம் ‘அவர்’ படங்கள். படத்தில் இருப்பவர் படர்க்கையிலேயே இருந்துவிடுகிறார். 35, 40 மி.மீ. படங்களில் முன்னால் ஒரு கேட்பவர் இருக்கிறார். 28 மி.மீ. இன்னும் நெருங்கி ‘இவர்’ என்று சொல்லவைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அண்மை தன்னளவில் நேர்மையாகிவிடாது. ஜிஆர் வரிசை தெருப் புகைப்படக்காரர்களிடையே புகழ்பெறக் காரணம் அதன் படத்தரம் மட்டுமன்று; அது கண்ணில் படாது என்பதும்தான். அதன் இலைமூடி ஏறத்தாழ ஓசையின்றி இயங்கும். முன்கூட்டியே 2.5 மீட்டருக்குக் குவியத்தை நிலைநிறுத்தி, துளையை எஃப் 8இல் வைத்தால், ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டியதிலிருந்து தொலைவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். இடுப்பருகே பிடித்தபடி நடந்துகொண்டே எடுக்கலாம். எதிரே வருபவர் அறியமாட்டார். பதினேழு மீட்டரில் அறியாமல் எடுப்பதற்கும் ஒன்றரை மீட்டரில் அறியாமல் எடுப்பதற்கும் அறவியலில் வேறுபாடு இல்லை. பின்னது இன்னும் துணிச்சலான களவு, அவ்வளவே. இந்த ஒரு கோணத்தில் எக்ஸ்100-6 மேலானது. பழைய ஃபிலிம் கேமரா போன்ற தோற்றம்; சக்கரங்கள்; கண்ணருகே கொண்டுபோகும் அசைவு. கேமரா என்று பார்த்தவுடன் தெரியும். ‘இது ரோல் போடுவதா?’ என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய உரையாடல்கள் சில என் ஆய்வேட்டில் இடம்பெறுகின்றன.

ஜூமுக்கும் நியாயம் செய்ய வேண்டும். இரண்டாம் மாடிப் பலகையைக் கீழிருந்து 28 மி.மீ.யால் அண்ணாந்து எடுத்தால் எழுத்துகள் மேல்நோக்கிக் குவிந்து சரியும். எதிர்ச்சாரியிலிருந்து ஜூமால் எடுத்தால் நேராக விழும். கல்வெட்டு, கட்டடம், உயரத்திலுள்ள பலகை ஆகியவற்றைப் பதிவு செய்பவருக்கு ஆர்எக்ஸ்100-7 போன்றது இன்றியமையாதது. மனிதர் இல்லாத இடத்தில் தொலைவு குற்றமன்று. ஜிஆர் 3இல் படத்தை வெட்டி 50 மி.மீ. கோணத்துக்குக் கொண்டுவந்தால் 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது 7 மட்டுமே. எக்ஸ்100-6இன் 40இல் 20 மிஞ்சும். வெட்டுவது தெளிவைக் குறைக்கும். ஆனால் நீங்கள் நின்ற இடத்தை மாற்றாது என்பதையும் நினைவில் கொள்க.

விலை பற்றிச் சொல்லாமல் முடிப்பது நியாயமாகாது. எக்ஸ்100-6 புதிதாக வாங்கினால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நான்கு மாதத் தொகைக்கும் மேல். உதவித்தொகை இல்லாதோருக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது. 2025இல் ஜிஆர் 4 வந்தபின்னும் ஜிஆர் 3 தன் வேலையைச் செய்கிறது; 28 மி.மீ. கோணம் இரண்டிலும் ஒன்றே. பழைய கேமரா வாங்குவோர் வெள்ளைச் சுவரை எஃப் 16இல் எடுத்துப் பார்த்துச் சென்சாரில் தூசி இருக்கிறதா என்று சோதித்துக்கொள்க.

ஆகவே என் பரிந்துரை. குறுகிய சந்துகள், பலகைகள், அச்சுப் பொருள்கள் என்றால் 28 மி.மீ.; அங்கே பின்னால் நகர இடமிருக்காது. தகவலாளர்களின் முகங்கள், கைகள், பேசும் அவைகள் என்றால் 40 மி.மீ.; நெருங்கி எடுத்தால் 28இல் முகம் இழுபட்டுத் தெரியும். இரவு வேலையும் பொருள்வசதியும் இருந்தால் எக்ஸ்100-6. எழுத்து மட்டும் போதும், எழுதியவர் வேண்டாம் என்றால் ஜூம்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று மீட்டர் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். ஒரு கடை வாசலிலிருந்து அதை நீட்டி, அதன் மறுமுனையில் நில்லுங்கள். அங்கிருந்து உங்களால் வணக்கம் சொல்ல முடிகிறதா, பதில் வணக்கம் வருகிறதா என்று கவனியுங்கள். முடிகிறதென்றால் மேற்சொன்ன கேமராக்களில் எது கிடைத்தாலும் உங்கள் ஆய்வு நடக்கும். கூச்சம் தடுக்கிறதென்றால் பணத்தை எடுத்துவைத்துவிட்டு, அந்தத் தெரு மக்களின் மொழியை இன்னும் ஆறு மாதம் படியுங்கள்.