ஒரு நிலைக்கு வரட்டும்

"பையன் முதலில் ஒரு நிலைக்கு வரட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்." பிள்ளைகளைப் பெற்ற நம்மில் இந்த வாக்கியத்தை ஒருமுறையேனும் சொல்லாதவர் அரிது. நாங்களும் சொல்லியிருக்கிறோம். சொல்லும்போதெல்லாம் சூரமங்கலத்தில் நாங்கள் இளைஞர்களாய்ச் சுற்றிச்சுற்றி வந்த ஒரு பழைய பில்லியர்ட்ஸ் மேசையும், அதன்மேல் ஓடுகிற பந்தை அடிக்க எங்களுக்குக் கற்றுத்தந்த ஒரு பெரியவரும் நினைவுக்கு வருவார்கள். அவர் சொல்லித்தந்த பாடத்தில் பாதியை அன்றே புரிந்துகொண்டோம். மீதிப் பாதி விளங்க நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

சேலம் சந்திப்பு என்று பயணச்சீட்டில் அச்சிடப்படும் நிலையம் உண்மையில் இருப்பது சூரமங்கலத்தில்தான். எங்கள் தந்தையர் மூவரும் இரயில்வே ஊழியர். ஒருவர் கார்டு, ஒருவர் சரக்குக் கிடங்கில் எழுத்தர், மற்றவர் பாயிண்ட்ஸ்மேன். எழுபதுகளின் பிற்பகுதியில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வீட்டில் இட்லியை அவசரமாய் விழுங்கிவிட்டு, ஊழியர்களின் மனமகிழ் மன்றம் ஒன்றுக்கு ஓடுவோம். முன்கூடத்தில் கேரம் பலகைகள். உள்ளறையில் அந்த மேசை. பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம். கனத்த ஸ்லேட் கற்களின்மேல் இழுத்துப் போர்த்திய பச்சைக் கம்பளித் துணி இரண்டு இடங்களில் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. அந்தத் தையல்மீது உருளும்போது பந்து ஒரு நொடி தயங்கும்.

அந்த அறைக்குள் எங்களை முதலில் அனுமதித்தவர் ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர். 'டிரைவர் ஐயா' என்றே அழைப்போம். நிலக்கரிப் புகையில் கறுத்த முகம். கோலைப் பிடித்தால் சிறிதும் நடுங்காத கை. கல்கத்தாவில் 1958-ஆம் ஆண்டு நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் நம் நாட்டு வில்சன் ஜோன்ஸ் வென்ற செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். ஸ்னூக்கர் என்ற ஆட்டமே நம் மண்ணில் பிறந்தது என்பதில் அவருக்கு அளவற்ற பெருமை. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற படை அதிகாரி அதைத் தொடங்கிவைத்தார். 1882-இல் நம் உதகமண்டலத்துக் கிளப்பில் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. "ஊட்டி மலையிலே எழுதின சட்டத்தை உலகமே படிக்குது கண்ணு" என்பார்.

அந்தச் சட்டங்களுள் ஒன்றை எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தார். மேசைமேல் எந்தப் பந்தாவது அசைந்துகொண்டிருக்கும்வரை அடுத்த அடியை அடிக்கக்கூடாது, எல்லாம் ஓய்ந்து நின்ற பிறகே கோலை நீட்ட வேண்டும், மீறினால் பிழை. பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், இன்று நகரங்களில் இளைஞர் ஆடும் பூல் ஆகிய மூன்றிலும் இந்த விதி உண்டு. விதியை மனப்பாடமாகச் சொல்லவைத்த பிறகு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அதை மீறுவது எப்படியென்று காட்டத் தொடங்கினார்!

ஆட்டத்தில் பிழையாகும் இந்த அடி வித்தை காட்டுவோருக்கு உரியது. இப்படிப்பட்ட அடிகளுக்கென்றே பிற நாடுகளில் தனிப் போட்டிகள் நடப்பதைப் பின்னாளில் தொலைக்காட்சியில் கண்டோம். இரண்டு கோல்களை அருகருகே தண்டவாளம்போல் கிடத்தி, அவற்றின்மேல் பந்தை ஓடவிடும் வித்தைக்கு ஆங்கிலத்தில் இருப்புப்பாதை என்றே பெயர். அதை ஐயாவும் செய்துகாட்டினார், நாங்கள் கைதட்டினோம். ஆனால் அவர் மனம் தோய்ந்து பயின்றது ஓடுகிற பந்தை அடிப்பதைத்தான். சிவப்புப் பந்தை மேசையின் குறுக்கே மெல்ல உருட்டிவிடுவார். அது போய்ச் சேர்வதற்குள் வெள்ளைப் பந்தை அடித்து, சிவப்பை ஓட்டத்திலேயே சந்தித்து, மூலைக் குழியில் விழச்செய்வார். "ஆத்தூர் வண்டி கிளம்பிடுச்சு. அயோத்தியாப்பட்டணம் தாண்டுறதுக்குள்ளே பிடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அடிப்பார்.

எங்களுக்கு அது கைவரவில்லை. பந்து இருக்கும் இடத்தை நோக்கி அடித்தோம். நாங்கள் அடித்த பந்து போய்ச் சேரும்போது அங்கே ஒன்றும் இல்லை. "அது இருக்கிற இடத்தைப் பார்க்காதே கண்ணு. அது வரப்போற இடத்தைப் பார்" என்றார். ஒரு மாதம் பயின்று அதைக் கற்றோம். வெள்ளைப் பந்து இப்போது சிவப்பைத் தவறாமல் தொட்டது. ஆனாலும் சிவப்பு குழியில் விழவில்லை. ஒவ்வொரு முறையும் குழிவாயைக் கடந்து, ஒரே பக்கமாய் இரண்டு விரற்கடை தள்ளிப்போய் விளிம்பில் மோதிற்று. நின்ற பந்தை எந்த இடத்தில் தொட்டால் குழிக்குப் போகுமோ, சரியாக அந்த இடத்தில்தானே தொட்டோம்? ஏன் விழவில்லை?

டிரைவர் ஐயா சிரித்தார். "நீ அடிச்சதும் அது பழைய வழியை மறந்துடும்னு நினைக்கிறே. மறக்காது. நீ கொடுத்த ஓட்டமும் அதுக்கு உண்டு. ஏற்கெனவே அதுகிட்டே இருந்த ஓட்டமும் உண்டு. ரெண்டும் சேர்ந்துதான் அது போகும்."

இதன் கணக்கைக் கல்லூரிப் பாடத்தில் பின்னர் படித்தோம். பந்துகள் மோதும்போது விசை அவற்றின் மையங்களை இணைக்கும் கோட்டில் செல்லும். அந்தக் கோட்டுக்குக் குறுக்காக இருந்த பழைய வேகம் ஏறக்குறைய அப்படியே தங்கிவிடும். ஆகவே குழியை நேராக நோக்கி அடித்தால், பந்து தான் முன்பு போய்க்கொண்டிருந்த திசையில் சற்று விலகியே செல்லும். குழிக்குச் சற்று முன்னால் குறிவைத்து, மிச்சத்தை அதன் சொந்த ஓட்டத்திற்கே விட்டுவிட வேண்டும். கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1835-இலேயே பில்லியர்ட்ஸ் பந்துகளின் இயக்கத்தைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியவர். அந்த நூலைக் கண்ணால்கூடக் காணாத எங்கள் டிரைவர் ஐயா, நிலக்கரித் தணலின் முன் நின்று இந்தக் கணக்கைக் கற்றிருந்தார்.

எங்கே கற்றாரென்றும் ஒருநாள் சொன்னார். அக்காலத்து ஒற்றைத் தடங்களில், ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதபடி 'டோக்கன்' முறை இருந்தது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த கருவிகள் இருக்கும். அவற்றிலிருந்து ஒரே சமயத்தில் ஒரேயொரு எஃகுப் பந்துதான் வெளியே வரும். அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் நிலையத்தைத் தாண்டிப் போகக்கூடாது. பந்தைத் தோல் பையிலிட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, நடைமேடை ஓரத்தில் ஊழியர் உயர்த்திப் பிடிப்பார். நிற்காமல் ஓடும் வண்டியிலிருந்து ஃபயர்மேன் கையை நீட்டி வளையத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தை வீசிவிட்டுப் போவார். "ஃபயர்மேனா சேர்ந்த முதல் வருஷமே அதைப் படிச்சுட்டேன். வளையம் இருக்கிற இடத்துக்குக் கையை நீட்டினா எலும்பு போயிடும். அது வரப்போற இடத்திலே கை காத்திருக்கணும். வண்டி நின்னப்புறம் வாங்கிக்கலாம்னா, அது டிரைவர் உத்தியோகம் இல்லே."

இவ்வளவும் தெரிந்த மனிதர் ஒரே ஓர் இடத்தில் தவறிவிட்டார் என்பதை அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தந்தையோடு மனத்தாங்கல் கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். கோவையில் ஓர் ஆலையில் சிலகாலம், பிறகு பம்பாயில் ஒரு பட்டறை, பிறகு வேறெங்கோ. போகுமிடமெல்லாம் ஓர் அஞ்சலட்டையில் முகவரி எழுதிப்போடுவானாம். தாய் ஒவ்வொன்றையும் அரிசிப் பானைக்குப் பின்னால் சேர்த்துவைப்பார். பதில் எழுதச் சொல்லும்போதெல்லாம் ஐயா கூறிய மறுமொழி ஒன்றுதான்: "அவன் ஒரு நிலைக்கு வரட்டும். எழுதுறேன்."

ஆறு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. ஒரு கிறிஸ்துமஸுக்கு முன் அவராகவே அமர்ந்து ஒரு கடிதம் எழுதினார். கடைசியாய் வந்த முகவரிக்கு அதை அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, 'விலாசதாரர் இங்கில்லை' என்ற குறிப்போடு உறை பிரிக்கப்படாமல் திரும்பிவந்தது. அதை நீலச் சுண்ணக்கட்டிகள் வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் வைத்தார். எங்களுக்கு விவரம் தெரிந்தது அப்போதுதான். ஏதேனும் கேட்கலாமா என்று தயங்கினோம். அவரே சிவப்புப் பந்தை உருட்டிவிட்டு, அடிக்காமல், அது மறுகோடி வரை போய் மோதி, பாதி தூரம் திரும்பி ஓய்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கிற இடத்துக்கு எழுதினேன் கண்ணுங்களா. அது அவன் இருந்த இடம்" என்றார். பிறகு விளக்கை அணைத்தார்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலிக்கு மகன் வந்தான். யார் சொல்லிக் கேள்விப்பட்டானோ தெரியாது. அதே நிமிர்ந்த தோள்கள், அதே நடை. தகரப் பெட்டியை அவன் கையில் கொடுத்தோம். கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் நின்றபடியே உறையைப் பிரித்தான். கடிதத்தில் என்ன இருந்ததென்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. படித்து முடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இதை அப்பவே போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

பிறகு காலம் எங்களையும் உருட்டிக்கொண்டு போயிற்று. நாங்கள் மூவரும் வேலைக்குப் போனோம், மணமுடித்தோம், பிள்ளைகளைப் பெற்றோம். ஒற்றைத் தடங்கள் பலவற்றில் பிரம்பு வளையம் மறைந்து விளக்குச் சமிக்ஞைகள் வந்தன. விருத்தாசலத்துக்குப் போகும் மீட்டர் பாதை அகலப்பாதையாயிற்று. 2007-ஆம் ஆண்டு தென்னக இரயில்வேயின் தனிக் கோட்டமாகச் சேலம் உயர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்கள் மூவருள் ஒருவரின் மகன் பொறியியல் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டான். இப்போது கோவையில் இருசக்கர வண்டியில் வீடுவீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. தாய்க்கு அவ்வப்போது தொலைபேசியில் பேசுவான். தந்தையிடம் பேசுவதில்லை, தந்தையும் பேசவில்லை. மாலை நடையின்போது நாங்கள் கேட்டால், "ஒரு நிலைக்கு வரட்டும்" என்பார்.

இரண்டாண்டுகள் இதைக் கேட்டுக்கொண்டே நடந்தோம். உடன்பட்டுத் தலையாட்டவும் செய்தோம். சென்ற தவக்காலத்தில் ஒருநாள், ஊதாரி மைந்தன் உவமையைப் பற்றிய மறையுரையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தத் தந்தை மகன் வீட்டு வாசலை எட்டும்வரை காத்திருக்கவில்லை. தொலைவில் வரும்போதே கண்டு ஓடினார். நடந்துவரும் மகனும் ஓடிப்போகும் தந்தையும் வழியில் சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பு நிகழ்ந்தபோது இருவருமே நின்ற நிலையில் இல்லை. நாங்கள் நண்பரிடம் உவமையை விளக்கவில்லை. "டிரைவர் ஐயாவின் தகரப் பெட்டி நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

மறுநாள் காலை வண்டியில் கோவைக்குப் போனார். மகனின் அறைக்குப் போகவில்லை. அந்நேரத்தில் அவன் அங்கே இருக்கமாட்டான் என்பதை மனைவியிடம் கேட்டறிந்திருந்தார். மதிய வேளையில் அவன் வழக்கமாய் உணவுப் பொட்டலங்களுக்குக் காத்துநிற்கும் ஓர் உணவகத்தின் வாசலில், அவன் வருவதற்கு முன்பே போய் நின்றுகொண்டார். பையன் வந்தான், பார்த்தான், தலைக்கவசத்தைக் கழற்றினான். அடுத்த பொட்டலம் தயாராகும்வரை பத்து நிமிடம் இருவரும் வண்டியருகே நின்று பேசினார்களாம்.

மாலையில் சூரமங்கலம் நிலையத்தில் நண்பரை எதிர்கொண்டோம். "படிப்பை முடிக்கச் சொன்னாயா? வேலையை விட்டுவிடச் சொன்னாயா?" என்று ஆவலோடு கேட்டோம்.

"இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன்" என்றார்.

சிவப்புப் பந்து குழியில் விழுந்ததா என்று நீங்கள் கேட்கக்கூடும். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் அந்த வேலையை விடவில்லை. படிப்பைப் பற்றிய பேச்சும் எழவில்லை. அவன் ஏற்கெனவே கொண்ட ஓட்டம் அவனுக்கு உண்டு. ஆனால் இப்போது ஞாயிறுதோறும் மாலையில் தந்தையின் கைப்பேசி ஒலிக்கிறது. ஒலிக்கும்போது நண்பர் நடையை நிறுத்துவதில்லை. நடந்துகொண்டே பேசுகிறார், நாங்கள் இரண்டடி பின்தங்கி நடக்கிறோம்.