மேய்ச்சல் முட்டைக்குக் காசு கொடுப்பது யார்?

மேய்ச்சல் கோழி முட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறார்களா என்று கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எட்டு வருஷமாக அதை விற்பவன் என்பதால் எழுதுகிறேன். ஆள் இருக்கிறார்கள். ஆனால், கோழி நன்றாக வாழட்டும் என்று வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

வாரச்சந்தையில் கேட்பதெல்லாம், "ஏனுங்கண்ணா, மேயுற கோழி முட்டைதானுங்களா? குழந்தைக்குங்க" என்பதுதான். ருசி, பிள்ளையின் உடம்பு, பிரசவமான மகள். இதற்குத்தான் பண்ணை முட்டையைப்போல இரண்டு பங்கு விலை தருகிறார்கள். வழக்கமான கூண்டுப் பண்ணையில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. சொன்னால் 'அடப்பாவமே' என்பார்கள். இரண்டு ரூபாய் ஏறினால் அந்தப் பாவம் மறந்துபோகும்.

ஓட்டின் நிறம் இன்னொரு தலைவலி. பழுப்பு ஓடு என்றால் நாட்டுக்கோழி என்று நம்புகிறார்கள். நிறம் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் வீரிய இனங்கள் கூண்டிலும் வளர்கின்றன. என்னிடம் வாங்கிய கடைக்காரர் ஒருவர், "பாதிக்குப் பாதி அதைக் கலந்து கொடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். மாட்டேன் என்றதும் வாரம் 200 முட்டை வியாபாரம் போனது. அவர் சொன்னதும் நிஜம்தான், யாருக்கும் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல் கடை முட்டையின் ஓட்டிலேயே எண் அச்சிடுகிறார்கள்: 0 இயற்கை முறை, 1 வெளியே மேய்ந்தது, 2 கொட்டகைக்குள் திரிந்தது, 3 கூண்டு. நம் சந்தை முட்டையில் அதெல்லாம் கிடையாது.

அதனால் தோட்டத்துக்கே கூப்பிட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வருவார்கள். கோழி புழுதியில் புரண்டு குளிப்பதை, எருக்குழியைச் சீய்த்துப் புழு பொறுக்குவதை அந்தப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமே! பெரியவர்களுக்கும் பேச்சு ருசியிலிருந்து கோழிக்கு மாறிவிடும். போன கோடையில் முட்டை குறைந்து, விலையை 12 ரூபாயிலிருந்து 15 ஆக்கினேன். சந்தையில் வாங்கியவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். தோட்டம் பார்த்த 31 வீடுகளில் 4 வீடுதான் நின்றது.

வேறு கோழிப்பண்ணைக்குப் போய்விட்டு வருகிறவர்களை மட்டும் பட்டிக்குள் விடுவதில்லை. வெள்ளைக்கழிச்சல் பயம். அவர்களுக்கு வேலிக்கு வெளியே மரத்தடியில் கட்டில் போட்டிருக்கிறேன். அங்கிருந்தே எல்லாம் தெரியும்.