பார்த்தெழுதாத பையன்

இரண்டாம் தவணைப் பரீட்சை. யாழ்ப்பாணத்தில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் தரம் ஆறுக்கு மேற்பார்வையாளராக நின்றேன். நடுவரிசைப் பையன் ஒருவன் அடிக்கடி தலையைத் திருப்பினான். இருமுறை எச்சரித்தேன். மூன்றாம் முறை விடைத்தாளை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டேன்.

"சேர், நான் பார்த்தெழுதேல்ல" என்றான். முகம் முழுவதையும் என் பக்கம் திருப்பி அவன் பார்த்த பார்வையைத் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவனுடைய உம்மா ஆஸ்பத்திரிக் கோவையுடன் வந்தார். பிறவியிலேயே அவன் கண்கள் இடம் வலமாக அசையாதாம். மேலும் கீழும் மட்டுமே அசையுமாம். சட்டையை உயர்த்திக் காட்டினார். முள்ளந்தண்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

அன்றிரவு தேடி வாசித்தேன். நம்முடைய வலக்கையை ஆள்வது இடப்பக்க மூளை. மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் முகுளத்தில் குறுக்கே கடந்து மறுபக்கம் போகின்றன. கருவில் அவற்றை நடுக்கோடு தாண்டவைக்க உதவுவது 'ரோபோ3' என்னும் மரபணு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரு பிரதிகளும் பழுதானால் இழைகள் கடப்பதில்லை. கைகால் இயங்கும், அறிவுக்கும் குறைவில்லை. கண்கள்தான் பக்கவாட்டில் திரும்பா. முதுகு வளர வளர வளையும். இந்த மரபணுவே காரணம் என்று 2004இல்தான் கண்டறிந்தார்கள். கண்ணுக்கு மருந்தில்லை, முதுகுக்குச் சத்திரசிகிச்சை உண்டு.

"மாமி மகனைத்தான் முடிச்சனான் சேர். புத்தளம் முகாமில சொந்தத்தை விட்டா ஆரை நம்புறது? இது என்ட பிழையா?" என்று அந்த உம்மா கேட்டிருந்தார். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு அதே முகாம்களில் வளர்ந்தவன் நான். எனக்கு அந்தக் கேள்வி விளங்கியது.

அடுத்த முறை கண்டபோது சொன்னேன்: பழுதான பிரதி ஒன்று உங்களிடமும் ஒன்று அவரிடமும் இருந்திருக்கிறது. இருவருக்கும் நோயில்லை, தெரிய வழியுமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் முடித்தால் அப்படிப்பட்ட இருவர் சேரும் வாய்ப்புக் கூடும். மச்சான்மச்சி கலியாணத்தை மார்க்கம் அனுமதித்திருக்கிறது, கடமையாக்கவில்லை. இனி முடிக்கிறவர்கள் வைத்தியரைக் கேட்டு யோசிக்கட்டும். உங்களில் பிழையில்லை. பிழை என்னுடையது.

மேலதிக நேரம் கொடுத்து அவனுக்கு மறுபரீட்சை வைத்தோம். ஒரு வரியை வாசிக்க அவன் முகமே வரியோடு நகர்வதை அன்றுதான் கவனித்தேன். அதற்கு முன் ஏழு மாதம் அவனுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன்.