சொந்தமா ஒரு விலாசம்

எங்க வம்சத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். மலருக்கு எழுதச் சொன்னதும் கை நடுங்குது. பிழை இருந்தால் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

போன செமஸ்டர் லீவில் 'நியோசிட்டீஸ்' என்ற தளத்தில் எனக்கென்று ஒரு வலைப்பக்கம் கட்டினேன். 2013-ல் தொடங்கிய தளம். காசு வேண்டாம். ஒரு பெயரைப் பதிந்தால் 1 ஜி.பி. இடம். எச்.டி.எம்.எல். மட்டும் நாமே எழுதணும். வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? சிநேகிதனின் பழைய லேப்டாப்பை மூன்று நாளைக்கு இரவல் வாங்கினேன். காசிமேட்டிலிருந்து வந்த அப்பாவை உட்காரவைத்து மீன் பேரும் காற்றுப் பேரும் கேட்டு எழுதினேன். வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி. வாடை, கொண்டல், கச்சான். மேலே அப்பா பேர்.

திறந்து பார்த்தால் தமிழே இல்லை, புழு நெளிந்த மாதிரி கிறுக்கல்! இரண்டு ராத்திரி போச்சு. தலைப்பகுதியில் 'யு.டி.எஃப்-8' என்று ஒரு வரி போடாத குற்றம், அவ்வளவுதான். 1995-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றிய காலத்தில் பார்க்கிறவர்களும் தனியாக எழுத்துரு இறக்கிக்கொள்ளணுமாம். அதை நினைச்சா என் ரெண்டு ராத்திரி ஒண்ணுமேயில்ல.

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். திரையில் தன் பேரை விரலால் தடவினார். அப்புறம் கேட்டார்:

"எடம் யாருதுடா?"

"அவங்களுதுப்பா. சும்மா குடுக்குறாங்க."

"பட்டா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். திருவொற்றியூர்க் கரையில் தாத்தா கட்டின வீடு இருந்த இடத்தில் இன்றைக்கு அலைதான் அடிக்குது. கருங்கல் கொட்டினதெல்லாம் அப்புறம். அவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்?

தேடிப் பார்த்தேன். 1994-ல் தொடங்கின 'ஜியோசிட்டீஸ்' இப்படித்தான் ஜனங்களுக்கு இலவச இடம் கொடுத்தது. ஊர் மாதிரி பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் கதவு எண் மாதிரி ஒரு எண் வேறு! 1999-ல் யாஹூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டார்கள். குழந்தை போட்டோ, கவிதை என்று அவரவர் ஆசையாய் வைத்திருந்த லட்சக்கணக்கான பக்கங்கள். ஆர்வலர்கள் சிலர் ராப்பகலாய் நகல் எடுத்து, முடிந்த அளவு காப்பாற்றினார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியமே படவில்லை.

"சரி, சாமானெல்லாம் இப்பவே ஒரு தபா வெளிய எடுத்து வெச்சுக்கோ."

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றினேன். அது இப்போது அம்மாவின் டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கு.