பற்றுச்சீட்டு கேட்ட பெடியன்

ஸ்காபரோ,
ஏப்ரல் 20

அன்பின் மச்சான்,

ஏப்ரல் பாதி கடந்தும் இங்கே வெயிலில் சூடில்லை. எங்கட வேம்பு இப்ப பூத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஜன்னலடியில் இருந்து எழுதுகிறேன்.

உன் மகள் லண்டனில் படித்தபோது, வீட்டிலிருந்த நாலு பேரும் முழுநேர மாணவர் என்று கடிதம் காட்ட, அங்கே வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் வரி முழுவதும் விடுபட்டது. செப்ரெம்பரில் வரும் உன் பெறாமகனுக்கு இங்கேயும் அப்படி ஏதும் உண்டா என்று கேட்டிருந்தாய்.

இல்லை. ரொறன்ரோவில் வரி வீட்டின் பெறுமதிக்குத்தான். உள்ளே யார் படிக்கிறார் என்று பார்ப்பதில்லை. வருமானம் குறைந்த முதியோருக்கும் வலுவிழந்தோருக்கும் சலுகை உண்டு. ஊரில் வரிக் கந்தோரில் வேலை செய்தபோது, ஜனவரிக்குள் முழுவதும் கட்டினால் 10 வீதம் என்று நாங்கள் சோலைவரிக்கு, அதாவது வீட்டு வரிக்கு, கொடுத்த கழிவுகூட இங்கே கிடையாது. பெறுமதி இன்னும் 2016 ஜனவரி மதிப்பீடுதான். வரியோ 2024இல் 9.5 வீதம், மறுவருடம் 6.9 வீதம் ஏறியது. தங்கச்சி அந்த வரி பில்லைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

ஆனால் மாணவனுக்கு வேறொரு வழி உண்டு. அதைக் கண்டது இந்த வீட்டில் நடந்த சண்டையால்.

தங்கச்சியின் பேஸ்மன்ரில் இரண்டு பெடியள், ஒருவன் கொக்குவில், மற்றவன் திருச்சி. வகுப்பு முடிந்து இரவு வேலைக்குப் போய் விடியத்தான் வருவார்கள். மாதம் முதலாம் திகதி காசை எண்ணித் தங்கச்சியின் கையில் கொடுப்பார்கள். போன கிழமை கொக்குவில் பெடியன் மேலே வந்து, "அன்ரி, போன வருட வாடகைக்கு ஒரு பற்றுச்சீட்டு தருவீங்களோ?" என்று கேட்டான். அவள் முகம் மாறிவிட்டது.

அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. வருமான வரிக் கணக்குக் கொடுக்க ஏப்ரல் 30 கடைசி நாள். ஒன்ராறியோவுக்குரிய படிவத்தில், கட்டிய வாடகையையும் வீட்டுக்காரர் பெயரையும் எழுதக் கட்டம் இருக்கிறது. வாடகையில் 20 வீதத்தை வீட்டு வரியாகக் கொள்கிறார்கள். வாடகைக்கு இருப்பவனும் வீட்டுக்காரர் கையால் வரி கட்டுகிறான் என்பதை அரசே ஒப்புக்கொள்ளும் கணக்கு இது. வருமானம் குறைவென்றால் ஒன்ராறியோ அரசின் ரில்லியம் கொடுப்பனவில் வருடத்துக்குச் சில நூறு டொலர் திரும்பி வரும்: ஜூலை தொடங்கி மாதாமாதம் 10ஆம் திகதி, மொத்தம் 360 டொலருக்கு மேற்படாவிட்டால் ஒரேயடியாக ஜூலையில். வெளிநாட்டு மாணவனும் வரிக்கணக்கில் இங்கே வசிப்பவன் என்று கொள்ளப்பட்டால் கேட்கலாம்.

வரி விலக்குள்ள பல்கலைக்கழக விடுதியில் இருப்பவனுக்கோ, எத்தனை ஆயிரம் கட்டினாலும் 25 டொலர்தான் கணக்கு. வழக்கமான வரிக்குப் பதிலாகப் பல்கலைக்கழகங்கள் முழுநேர மாணவர் தலைக்கு வருடம் 75 டொலர் நகரத்துக்குக் கொடுக்கின்றன. அந்த 75 டொலர் 1987 முதல் அசையவில்லை.

"எழுதிக் கொடுத்தால் வாடகைக் காசெல்லாம் கணக்கில வரும் அண்ணை" என்றாள் தங்கச்சி. வரட்டும் என்றேன். வருமானமாகக் காட்டினால் வீட்டு வரியிலும் கடன் வட்டியிலும் சூடாக்கும் செலவிலும் பேஸ்மன்ருக்குரிய பங்கைக் கழிக்கலாம். கேட்டால் காசு வாங்காமல் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் சொல்கிறது. அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அவளைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அந்தக் காசில்தான் அவளும் பில் கட்டுகிறாள். ஆனால் எங்கட சனத்தின் வீடுகளில் இப்படிப் பற்றுச்சீட்டு மறுப்பது வழமையாகிவிட்டது என்பது எனக்கு வலிக்கிறது. ஊர்ப் பெடியனுக்குப் புட்டும் கறியும் கொடுக்கிறோம். அவனுக்குச் சேரவேண்டிய ஒரு தாளைக் கொடுக்க மறுக்கிறோம். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சோலைவரிப் பற்றுச்சீட்டை உடுப்பு மூட்டைக்குள் முடிந்துகொண்டு போனவர்களை நீயும் கண்டாய். திரும்பி வந்து அதைக் காட்டித்தான், இது என் வளவு என்று எங்கட வரிக் கந்தோர்க் கவுன்ரருக்கு முன்னால் நின்றார்கள். அப்படிப்பட்ட சனத்துக்குப் பற்றுச்சீட்டின் பெறுமதியை நான் சொல்லவேண்டுமா?

நேற்றிரவு தங்கச்சி கொப்பித் தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, கையெழுத்து வைத்து, கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். திருச்சிப் பெடியனுக்கும் ஒன்று.

பெறாமகனிடம் சொல். அறை பார்க்கும்போதே பற்றுச்சீட்டு தருவார்களா என்று கேட்கட்டும். வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கியால் அனுப்பட்டும். வந்து இறங்கியதும் என் தங்கச்சிக்கு ஒரு அழைப்பு எடுக்கட்டும். திருச்சிப் பெடியன் ஓகஸ்டில் அறையை விடுகிறான்.

அன்புடன்,
உன் மச்சான்