25-க்கு 25!

ஏலக்காய்க்கு மார்க் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தேனிப் பக்கம் வந்தால் போடிநாயக்கனூரில் பார்க்கலாம். ஸ்கூலிலும் காலேஜிலும் போடுகிற மார்க்கைவிடக் கறாரான மார்க் அது.

முதலில் சல்லடை. சின்னக் காய் கீழே விழுந்துவிடும். 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று பருமனானது மேலே நிற்கும். பருமனாக இருந்தால் உடனே பாஸா? அதுதான் இல்லை. அடுத்தது லிட்டர் எடை. ஒரு லிட்டர் அளவுக்குக் காயை நிரப்பி நிறுத்துப் பார்ப்பார்கள். அக்மார்க் கணக்கில் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்ற பட்டம் வேண்டுமானால் 7 மில்லிமீட்டர் பருமன் மட்டும் போதாது, லிட்டருக்கு 435 கிராமாவது எடை நிற்க வேண்டும். உள்ளே விதையில்லாத காய் எவ்வளவு குண்டாக இருந்தாலும் இங்கே மாட்டிக்கொள்ளும். (மனிதர்களை இப்படி நிறுத்துப் பார்க்க வசதியில்லை என்பது நம்மில் பலருக்கு ஆறுதல்!)

ஏலம் நடப்பதென்னவோ கம்ப்யூட்டரில்தான். வியாபாரி பட்டனை அமுக்கி விலை கேட்கிறார். ஆனால், சாம்பிள் காய் அவர் கைக்கு வந்தாக வேண்டும். நசுக்கிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், வாயில் போட்டும் பார்ப்பார். 'ஸ்கிரீன்ல பச்சையாத்தானே ஸார் தெரியுது, நம்பி வாங்குங்க' என்றால் நடக்காது.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? போன வருஷம் நானும் ஒரு ஆன்லைன் கோர்ஸ் படித்தேன். அந்தப் பன்னிரண்டு வாரமும் எனக்கு இந்த ஏலக்காய் ஞாபகம்தான்.

தேனியில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் எனக்கு. ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, "கணக்கியல்ல ஏதாவது ஒரு சர்டிபிகேட் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் இனிமே ப்ரமோஷன்ல முன்னுரிமை" என்று ஒரு குண்டைப் போட்டார். டிகிரி முடித்துப் பதினைந்து வருஷமாகிவிட்ட எனக்கு அடிவயிறு கலங்கியது. பக்கத்து ஸீட்டில் சின்னமனூரிலிருந்து வருகிற தம்பி. வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷம். அவன் அசரவே இல்லை. "என்பிடெல் இருக்குல்லண்ணே... ரெண்டு பேரும் சேந்து போட்ருவோம்" என்றான்.

என்.பி.டி.இ.எல். என்பது ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த திட்டம். 2014-லிருந்து பரீட்சை வைத்து சர்டிபிகேட்டும் கொடுக்கிறார்கள். பாடம் கேட்கக் காசில்லை. பரீட்சை எழுதினால் மட்டும் ஆயிரம் ரூபாய். காலேஜ் மாணவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி, ஒரு செமஸ்டரில் உள்ள மொத்தப் பாடங்களில் 40 சதவிகிதம் வரை 'ஸ்வயம்' வழியாக வருகிற இந்த மாதிரி கோர்ஸ்களிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதாவது, இந்த மார்க் நேராக டிகிரிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

வாரா வாரம் அஸைன்மென்ட். புதன்கிழமை நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் புதன்கிழமை என்றாலே டி.வி. கட். சாப்பாட்டு மேஜையில் நான் பேப்பர், பென்சில், கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்பேன். எட்டாவது படிக்கிற என் மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா... இன்னும் ரெண்டாவது கேள்வியா?" என்று விசாரித்துவிட்டுப் போவாள். பத்துக்கு ஆறு வரும். ஏழு வந்தால் மறுநாள் காலையில் இரண்டு இட்லி கூட இறங்கும்.

தம்பிக்கோ வாராவாரம் பத்துக்குப் பத்து! ஆபீஸில் டீ குடிக்கிற நேரத்தில் போனை எடுப்பான், நாலு நிமிஷம், முடிந்தது.

"எப்படிடா?" என்றேன்.

"டெலிகிராம் குரூப்புண்ணே. யாரோ ஒரு புண்ணியவான் ஆன்ஸரைப் போட்டுருவாரு. அதுல இல்லாட்டி யூடியூப்புல இருக்கும். அதுலயும் இல்லாட்டி சாட்ஜிபிடி. உங்களையும் குரூப்ல சேத்து விடவாண்ணே?"

"நமக்கு வேண்டாம்ப்பா. ஆயிரம் ரூபா கட்டிட்டு, படிக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

"அண்ணே, இதுல யாருக்கு நஷ்டம்? யாரு பாக்கெட்டுல கை விட்டோம்?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிந்தது. என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் அந்தப் புண்ணியவானே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, குரூப்பில் இருந்த அத்தனை பேரும் ஒரே மாதிரி தப்பு விட்டார்கள். "என்னண்ணே, ஆன்ஸர் குடுக்கறவன் பொறுப்பா குடுக்க வேணாமா? நாட்டுல நேர்மையே இல்லண்ணே" என்று தம்பி வருத்தப்பட்டான். மனசாரத்தான் வருத்தப்பட்டான்.

யாருக்கு நஷ்டம்?

கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள் எல்லோரும் பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது. கடைசி செமஸ்டருக்கு மட்டும் விலக்கு. ஊர் ஊராகப் போஸ்டர், பாலாபிஷேகம் செய்யாத குறை! ஏ.ஐ.சி.டி.இ. ஆட்சேபித்தது. விவகாரம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய், பரீட்சையே இல்லாமல் பாஸ் போடுவதை ஏற்க முடியாது என்றாகி, பரீட்சை வைக்கச் சொன்னார்கள். 2021 தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் வீட்டிலிருந்தே எழுதுகிற ஆன்லைன் செமஸ்டர் பரீட்சை வைத்தது. காமிரா வழியாகக் கம்ப்யூட்டரே கண்காணிப்பாளர். தலை திரும்பினாலும் குறித்துக்கொள்ளும், பக்கத்தில் சத்தம் கேட்டாலும் குறித்துக்கொள்ளும். ரிசல்ட் வந்தபோது ஏராளமான பேருக்கு முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. எவன் காப்பியடித்தான், எவன் அம்மா காபி கொண்டு வந்ததற்குத் திரும்பினான் என்று யார் கண்டது? கடைசியில் மறுபரீட்சை வைக்க வேண்டியதாயிற்று.

இதன் பலன் எங்கே வந்து விடிந்தது தெரியுமா? 2021 ஆகஸ்டில் மதுரையில் நடக்கவிருந்த இன்டர்வியூவுக்கு ஒரு பெரிய தனியார் வங்கி பேப்பரில் விளம்பரம் கொடுத்தது. அதில் ஒரு வரி... '2021-ல் பாஸானவர்களுக்குத் தகுதியில்லை.' படம் எடுத்து ஊரெல்லாம் சுற்ற விட்டார்கள். அச்சுப் பிழை என்று வங்கி விளக்கம் சொல்லித் திருத்திவிட்டது. பிழையாகவே இருக்கட்டும். ஆனால், அந்த வரியைப் படித்த ஒருத்தர்கூட 'சே, இப்படியும் எழுதுவார்களா' என்று ஆச்சரியப்படவில்லையே! 'எழுதத்தான் செய்வான்' என்றுதானே தோன்றியது? மலையடிவாரக் கிராமத்தில் சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போய், ஒழுங்காகப் படித்து எழுதிய பையனும் அந்த வருஷத்துப் பையன்தானே? அவன் பாக்கெட்டில்தான் கை விட்டிருக்கிறோம்.

போடியில் இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: சாயம். பச்சை குறைந்த காய்க்குச் சாயம் ஏற்றி யாரோ ஒருத்தர் விற்றால், மாட்டிக்கொள்கிறவரைக்கும் லாபம் அவருக்கு. மாட்டிக்கொண்ட பிறகு கெட்ட பெயர் அவருக்கு மட்டுமில்லை, மலையில் விளைகிற மொத்தக் காய்க்கும். அப்புறம் நல்ல காயைக் கொண்டு வருகிறவரையும் வியாபாரி ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

சரி, காமிராவை நம்ப முடியாது, நேரில் உட்கார்த்தி வைத்துப் பரீட்சை வைத்தால் தீர்ந்ததா? அப்படியும் நிம்மதியாக இருக்க முடியாது என்று நாட்டுக்கே சொன்னது எங்கள் ஊர்தான். 2019 செப்டம்பர். க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு மொட்டை ஈமெயில் வந்தது. முதல் வருஷ மாணவர் ஒருவர் நீட் பரீட்சையைத் தான் எழுதவில்லை, மும்பையில் வேறு ஆள் எழுதினார் என்று. ஹால் டிக்கெட் போட்டோவையும் மாணவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். படமும் ஆளும் ஒத்துப்போகவில்லை. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், மாணவரும் தந்தையும் கைதாகி, நூல் பிடித்த மாதிரி வேறு சில கல்லூரி மாணவர்களும் சிக்கினார்கள். கொஞ்ச நாள், 'எந்த ஊர் ஸார்?' என்று கேட்டால் 'தேனி' என்று சொல்லவே யோசனையாக இருந்தது. 'ஓ... அந்தத் தேனியா?'

அதனால் பரீட்சை வைக்கிறவர்கள் உஷாராகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது. என்.பி.டி.இ.எல்.காரர்கள் நம் ஆட்களை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். அஸைன்மென்ட்டுக்கு 25 மார்க்தான். மீதி 75, சென்டருக்கு நேரில் போய் எழுதுகிற பரீட்சைக்கு. பாஸாக அஸைன்மென்ட்டில் 10-ம், பரீட்சையில் 30-ம் தனித்தனியாக வேண்டும். பாடம் ஆன்லைனில், சாம்பிள் மட்டும் கையில். போடி ஏலமேதான்!

பரீட்சை எங்களுக்கு மதுரையில் விழுந்தது. விடியற்காலை பஸ். ஆண்டிபட்டி தாண்டும்வரை தம்பி தெனாவட்டாகத்தான் வந்தான். கணவாய் ஏறும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணே... இந்தத் தேய்மானம்ங்கறாங்களே, அது என்னாண்ணே?"

பகீரென்றது எனக்கு. பன்னிரண்டு வாரமும் பத்துக்குப் பத்து வாங்கியவன் கேட்கிற கேள்வியா இது? முன் ஸீட்டைக் காட்டினேன். "இந்த பஸ்ஸு புதுசா வாங்கறப்ப என்ன விலை? இப்ப வித்தா என்ன போகும்? கொறைஞ்சது எம்புட்டு? அதை வருஷா வருஷம் செலவுல எழுதணும். அம்புட்டுத்தான்."

"இம்புட்டுத்தானா!" என்று வாயைப் பிளந்தான். உசிலம்பட்டி வருவதற்குள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டான். செக்கானூரணி வருவதற்குள் 'இதை மொதல்லயே ஒழுங்காப் படிச்சிருக்கலாம்' என்ற முகம் வந்துவிட்டது. புத்தியில்லாத பையன் இல்லை. புத்தியை உபயோகிக்கத் தேவையில்லாமல் செய்துவிட்டது அந்தக் குரூப்.

ஹாலில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், மறுபடி அட்டையைப் பார்த்தார்கள். (அட்டையில் இருப்பவனுக்கு முடி நிறைய!) ஒருவழியாக உள்ளே விட்டார்கள். மூன்று மணி நேரம்.

ரிசல்ட் வந்தது. எனக்கு 19 + 52. மொத்தம் 71. 60-க்கு மேல் என்பதால் சர்டிபிகேட்டில் 'எலீட்' என்று போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் அதை ஆளுக்கொரு தடவை வாங்கிப் படித்தார்கள். தம்பிக்கு 25 + 32. மொத்தம் 57. பாஸ்தான். ஆனால், அந்த சர்டிபிகேட்டில் ஒரு விசேஷம் உண்டு. மொத்த மார்க்கோடு விட மாட்டார்கள். அஸைன்மென்ட் 25-க்கு எவ்வளவு, பரீட்சை 75-க்கு எவ்வளவு என்று தனித்தனியாக அச்சடித்துவிடுவார்கள். சல்லடையில் 8 மில்லிமீட்டர், தராசில் எடையில்லை. பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த இரண்டு நம்பரே போதும்.

மேனேஜர் பார்க்கத் தெரிந்தவர். தம்பியின் சர்டிபிகேட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். திட்டவில்லை. "வீட்ல உக்காந்தா நூத்துக்கு நூறு. ஹால்ல உக்காந்தா பாதிகூட இல்ல. ஏன் தம்பி, ஃபேன் சரியில்லையோ?" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தடவை ப்ரமோஷன் எங்கள் இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை, வேறு செக்ஷனுக்குப் போய்விட்டது. அது வேறு கதை.

ஜனவரியில் தம்பி அடுத்த கோர்ஸில் சேர்ந்தான். நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் ஸீட்டுக்கு ஓடி வந்தான்.

"அண்ணே! நேத்து ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் முட்டி மோதிட்டேண்ணே!"

"எவ்வளவுடா?"

"ஆறுண்ணே! பத்துக்கு ஆறு!"

வாங்கிய பத்துக்களை ஒரு நாளும் அவன் என்னிடம் ஓடி வந்து சொன்னதில்லை.