யார் முதலில்?

இரவு பதினோரு மணி, ஸ்ரீரங்கம் வீடு. ஸ்ப்ரிங் பூட் 2.6-க்கு மாறியதும் அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆர்டர் சர்வீஸுக்கு பேமென்ட் சர்வீஸ் வேண்டும், பேமென்ட்டுக்கு ஆர்டர். ஃபீல்டு இன்ஜெக்‌ஷன் என்பதால் பழைய வெர்ஷன் சத்தமில்லாமல் சமாளித்திருந்தது. 2.6 இந்தச் சுழலை அனுமதிப்பதில்லை. கான்ஃபிக்கில் ஒரு வரி சேர்த்து அனுமதித்தேன். ஓடியது. சிக்கல் அப்படியேதான் இருந்தது.

சென்னை வேலையை விட்டுத் தில்லை நகரில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்ததிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அம்மாவிடம். "அப்புறம்னு சொல்லும்மா" என்பேன். எங்கள் வீட்டில் அந்த ஒரு வரி அம்மாதான்.

வரியை அழித்தேன். இரண்டுக்கும் பொதுவான கணக்கைத் தனி கிளாஸாகப் பிரித்தேன். பன்னிரண்டரைக்கு ஸ்டார்ட் ஆனது.

கூடத்தில் அப்பா விழித்திருந்தார். "தூக்கம் வரலையாப்பா?"

பழக்கத்தில் அம்மா பக்கம் திரும்பினார். அம்மா தூங்கிவிட்டிருந்தாள்.